தண்ணி வாத்தாச்சா?

வெள்ளவத்தை
26.06.2025

நப்லா அக்கா,

இல்லை, சித்தி சொல்லித் தரேல்ல. அது என்ர வாய்தான். படியில பாதி இறங்கினாப் பிறகு திரும்பி நிண்டு கேட்டீங்கள், "இத சித்தி செல்லச் சென்னாவா, இல்லாட்டி நீங்களாச் செல்றீங்களா?" எண்டு. நான் கதவைச் சாத்திப்போட்டன். திங்கக்கிழமையில இருந்து அந்தக் கேள்வி காதுக்குள்ளயே நிக்குது. இதுதான் பதில்.

போனில என்னையும் புளொக் பண்ணிப்போட்டீங்கள், சித்தியையும் பண்ணிப்போட்டீங்கள். அதால கடிதம். கடைசியா நான் கடிதம் எழுதினது ஓ லெவல் சோதினையில, குப்பை அள்ள வருகினமில்லை எண்டு நகரசபைக்கு. உங்கட ராத்தா வீட்டு விலாசத்தைச் சித்தியின்ர பைலில இருந்து எடுத்தனான். அதுவும் பிழைதான், தெரியும்.

என்ர பக்கத்தைச் சொல்லுறன். காலமை சித்தியின்ர டே கெயார் வாசலில நிக்கிறது என்ர வேலை. வாற பிள்ளையளின்ர நெத்தியைத் தொட்டுப் பாக்கிறது, உள்ளங்கையை விரிச்சுப் பாக்கிறது, 'ஆ' சொல்லச் சொல்லி வாயைப் பாக்கிறது. காய்ச்சல், வாந்தி, கண்நோய், கொப்புளம் இருந்தா வீட்டை அனுப்புறது. கம்பஸை இடையில விட்டுப்போட்டு வந்தவனுக்குச் சித்தி தந்த உத்தியோகம் அது. ஒருத்தரும் என்ர சொல்லைக் கேக்கிறேல்ல அக்கா. வாசலில மட்டும்தான் டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் தங்கட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறவை. அது எனக்குத் தலைக்கு ஏறிட்டுது போல.

உங்கட ஆகிலுக்குக் கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு உதிர்ந்திட்டுது. தழும்புதான் இருந்தது. நான் கேக்க முதலே தானாக் கையை விரிச்சான். தானா 'ஆ' எண்டான். சுகம் எண்டு டொக்டர் எழுதின துண்டையும் நீங்கள் நீட்டினீங்கள். அப்ப பின்னால படியில ஆரணி அக்கா, பாங்கில வேலை செய்யிறவ, கையில தன்ர குழந்தை மித்ரனோட நிண்டவ. அவ மெதுவா என்னட்டக் கேட்டா, "தம்பி, தண்ணி வாத்தவையாமோ?" எண்டு. எங்கட ஆக்கள் அம்மை போட்டு அம்மாள் வந்தா வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணி வாத்தாப் பிறகுதான் பிள்ளையை வெளியில விடுவினம். அவ குசுகுசுத்ததை நான் முழுக் கட்டிடத்துக்கும் கேக்கிற மாதிரிக் கேட்டன். "நாங்க அப்பிடி ஒண்டும் செய்ற இல்ல தம்பி" எண்டீங்கள். "அப்ப ஏலாது" எண்டன்.

சித்தியின்ர சட்டத்தில தண்ணி எண்ட சொல்லே இல்லை. காய்ஞ்சாச் சரி எண்டுதான் இருக்கு. எனக்குத் தெரியும்.

ஆகிலைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் சித்தியோட கதைக்கிறன். நேற்று இஞ்ச வேற ஒரு விசயமும் நடந்தது, அதை விடுங்கோ.

துவாரகன்


கொட்டாஞ்சேனை
30.06.2025

தம்பி துவாரகன்,

கடிதம் கிடைத்தது. ராத்தா வீட்டு விலாசத்தை நான் எழுதித் தந்தது பிள்ளைக்கு ஏதும் அவசரம் என்றால் அறிவிக்க. உங்களுக்கு மனம் சரியில்லை என்று அறிவிக்க அல்ல.

நீங்கள் கதவைச் சாத்திய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஆகில் கொண்டக்டருக்குக் கையை விரித்துக் காட்டினான். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மாவுக்கும் காட்டினான். இங்கே வந்து ராத்தாவுக்குக் காட்டினான். "கையில ஒண்டும் இல்ல பெரியம்மா, பாருங்க" என்று. மூன்று வயதுப் பிள்ளை. தன் கையில்தான் என்னமோ பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். சாப்பிட முன்னர் கழுவு என்றால் அழ அழத் தேய்க்கிறான்.

நோய் என்று திருப்பி அனுப்பியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. உங்கள் சித்தி முன்பு ஒருமுறை கண்நோய் என்று ஆகிலைத் திருப்பி அனுப்பியவர்தான், நான் ஒரு சொல் சொல்லவில்லை. நீங்கள் நோயைக் கேட்கவில்லை. நாங்கள் யார் என்று கேட்டீர்கள். படியில் வைத்து, மற்றவர்கள் பார்க்க.

வெள்ளவத்தை அறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆகிலின் வாப்பா கட்டாரில் இருந்து "பொறுமையா இரிங்க" என்று மட்டும் சொல்கிறார். நான் வேலை செய்யும் புடவைக் கடையில் இந்த மாதக் கடைசிவரைதான் லீவு என்றார்கள், கெஞ்சி அடுத்த மாதக் கடைசியாக்கி வைத்திருக்கிறேன். அதற்குள் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்காவிட்டால் வேலை போகும். ராத்தா தையல் செய்கிறவர். அவர் மெஷினுக்குக் கீழே இவன் ஊசி பொறுக்குகிறான். எத்தனை நாளைக்கு?

கூட்டிக்கொண்டு வாங்கோ என்கிறீர்கள். யார் கூப்பிடுவது? வாசலில் சொன்னதை வாசலில் நின்றுதான் மாற்ற வேண்டும், தபாலில் அல்ல.

இன்னொன்று. 'வேற ஒரு விசயம், அதை விடுங்கோ' என்று எழுதுவது என்ன பழக்கம்? சொல்வதானால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

நப்லா


வெள்ளவத்தை
11.07.2025

நப்லா அக்கா,

மித்ரன் ஆஸ்பத்திரியில. ஏழு மாசப் பிள்ளை. செவ்வாய்க்கிழமை உடம்பு முழுக்கக் கொப்புளம் போட்டது, நேற்று நெஞ்சுச் சளி நியூமோனியாவாப் போய் ஒட்சிசன் வைச்சிருக்கினம். ஆரணி அக்கா ஆஸ்பத்திரிக் கதிரையிலதான் இருக்கிறா.

நீங்கள் கேட்ட 'வேற விசயத்தை' இப்ப சொல்லுறன். முதலே சொல்லியிருக்க வேணும்.

தக்‌ஷிகாவைத் தெரியும்தானே, நிருஷா அக்காவின்ர மகள், ஆகிலோட பக்கத்துப் பாயில படுக்கிறவள். ஆகிலுக்குப் பிறகு அவளுக்கும் அம்மாள் வந்தது. நிருஷா அக்காவின்ர தங்கச்சிக்குக் கலியாணம், வியாழக்கிழமை வீட்டில தாலிக்குப் பொன்னுருக்கு வைச்சிருந்தவை. அம்மாள் இருக்கிற வீட்டில பொன்னுருக்கேலாது எண்டு கெதியாத் தண்ணி வாத்துப்போட்டினம். ஒரு கிழமை கூட ஆகேல்ல. வீட்டில ஆக்கள் நிறைஞ்சிட்டினம், பிள்ளையைப் பாக்க ஆளில்லை எண்டு அந்தப் புதன்கிழமை இஞ்ச கொண்டு வந்தவ. உங்களைத் திருப்பி அனுப்பி ரெண்டாம் நாள்.

"தண்ணி வாத்தாச்சு தம்பி" எண்டா நிருஷா அக்கா. நான் நெத்தியைத் தொட்டன், சில்லெண்டு இருந்தது. கையைப் பாத்தன். உள்ளுக்க விட்டன். பிறகு அவளின்ர ரிபனைக் கட்டிவிடேக்க பிடரியில முடிக்குள்ள ஒரு கொப்புளம். காயேல்ல. உள்ளுக்க தண்ணி தெரிஞ்சது.

அப்பவே நிருஷா அக்காவுக்குப் போன் எடுத்திருக்கலாம். சித்தியைக் கூப்பிட்டிருக்கலாம், அவ குசினிக்குள்ளதான் நிண்டவ. ரிபனைக் கட்டி முடிச்சன். ஏன் தெரியுமே? அவளை அனுப்பினா, தண்ணி வாத்தாலும் காய்ஞ்சாத்தான் சரி எண்டு ஆகிடும். அப்ப திங்கக்கிழமை உங்களுக்கு நான் சொன்னது முழுப் பிழை எண்டு ஆகிடும். அதை ஒத்துக்கொள்ள மனம் வரேல்ல. அவ்வளவுதான் அக்கா. ஒரு நாள் முழுக்க அவள் மித்ரனுக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு இருந்தவள்.

இன்னும் ஒண்டு. இதை எழுதத்தான் கை வருதில்லை. பெற்றாரின்ர குறூப்பில ஆகிலிட்ட இருந்துதான் வந்ததாம் எண்டு போட்டிருக்கினம். "வாசல் வரைக்கும் கொண்டு வந்தவைதானே, தண்ணியும் வாக்காமல் பிள்ளையைக் கொண்டு திரியினம், அவையளுக்கு என்ன" எண்டு ஒரு ஆள். சித்தி அதுக்குக் கீழ கைகூப்புற படம் ஒண்டைப் போட்டுவிட்டா. கேட்டா, "சண்டை வேண்டாம் எண்டு போட்டனான்டா" எண்டுறா. நான் ஒண்டும் போடேல்ல.

துவா


கொட்டாஞ்சேனை
14.07.2025

தம்பி,

மித்ரன் எப்படி இருக்கிறான் என்று முதலில் எழுதுங்கள். ராத்தா தொழுகையில் துஆ கேட்கிறார். ஆகிலுக்கு அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவதென்றால் அவ்வளவு பிரியம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ராத்தாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னது இது: "இந்தப் பொடியன் ஒன்ட கிட்ட ஏன் செல்றான்? நீ என்ன அந்தப் புள்ளட உம்மாவா?"

அதேதான் என் கேள்வியும். உங்களுக்குச் சுமக்க முடியவில்லை, இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டும். நான் தூரத்தில் இருக்கிறேன், கோபித்துக்கொண்டாலும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. அதனால் என்னிடம் இறக்குகிறீர்கள். எனக்குச் சொல்லி என்ன? என் மகன் பெயர் அந்தக் குறூப்பில் அப்படியே கிடக்கிறது. அன்றைக்கு அந்த வாசலை அவன் தாண்டவே இல்லை, ஆனால் நோய் கொண்டுவந்தது அவனாம்.

நான் இங்கே பக்கத்தில் ஒரு இடத்தில் கேட்டேன். நல்ல மனுசி, எட்வேட் மாஸ்டரின் மகள், வீட்டில் ஐந்தாறு பிள்ளைகளைப் பார்க்கிறா. சேர்க்கிறேன் என்றவ, இரண்டு நாளில் இடமில்லை என்கிறா. வெள்ளவத்தையில் அவவுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது விளங்குகிறதா?

ஆரணியிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் வாய் எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

நப்லா


வெள்ளவத்தை
17.07.2025

அக்கா,

மித்ரன் அப்பிடியேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போனனான். ஆஸ்பத்திரி வரைக்கும் போனனான். ஆரணி அக்கா என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. "நீ ஒருத்தன்தான்டா வந்து பாத்தனி" எண்டா. அதுக்குப் பிறகு எப்பிடி வாய் திறக்கிறது? "அண்டைக்கு அந்தப் பிள்ளையை நீ உள்ளுக்க விடாதது நல்லதாப் போச்சு, விட்டிருந்தா இன்னும் எத்தினை பிள்ளையளோ" எண்டும் சொன்னா. தேத்தண்ணி வாங்கிக் குடுத்திட்டு வந்திட்டன்.

சித்தியிட்டயும் சொல்லேல்ல. ஒன்பது பிள்ளையளில நாலு பிள்ளைதான் இப்ப வருது. அவவுக்கு வேற வருமானமும் இல்லை, என்னை வைச்சுச் சோறு போடுறதும் அவதான்.

முடியேல்ல அக்கா. ஏசுங்கோ.

துவா


கொட்டாஞ்சேனை
20.07.2025

தம்பி துவாரகன்,

ஏசத்தான் உட்கார்ந்தேன். ஒரு முழுப் பக்கம் எழுதி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் கோழை என்று எழுதும்போது என் கை நின்றுவிட்டது.

ஹஜ் பெருநாளுக்கு முந்திய வியாழக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. "இண்டைக்கும் நாளைக்கும் வராதவங்க பெருநாளைக்குப் பிறகு வரவே தேவல்ல" என்று முதலாளி முதல்நாளே சொல்லிவிட்டார். விடியப்புறம் ஆகிலின் உடம்பு சுட்டது. பல் முளைக்கிற சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல் எல்லாம் எப்போதோ முளைத்துவிட்ட பிள்ளை. காய்ச்சல் மருந்துப் பாணியைக் கொடுத்தேன். உங்கள் கட்டிடத்துக்குக் கீழே நின்று, ஈரத் தாளால் அவன் நெற்றியைத் துடைத்தேன். கழுத்தைத் துடைத்தேன். பிறகுதான் மேலே ஏறினேன். நீங்கள் தொட்டுப் பார்த்தீர்கள். "ஓகே, உள்ளுக்க ஓடு ராசா" என்றீர்கள்.

பெருநாள் காலையில் புது உடுப்புப் போடும்போது வயிற்றில் முதல் கொப்புளத்தைக் கண்டேன்.

அன்றைக்கு அவன் தக்‌ஷிகாவின் பக்கத்துப் பாயில்தான் படுத்திருப்பான். அவளுக்கு எப்போது வந்தது என்று நீங்கள் எழுதியதை வைத்து எண்ணிப் பார்த்தேன். டொக்டர் சொன்ன இரண்டு கிழமை சரியாக வருகிறது. என் பிள்ளையிடம் இருந்து அவளுக்கு. அவளிடம் இருந்து மித்ரனுக்கு. குறூப்பில் எழுதியவர்கள் நாளைத்தான் பிழையாகச் சொன்னார்கள், ஆளைப் பிழையாகச் சொல்லவில்லை.

'நாங்கள் யார் என்று கேட்டீர்கள்' என்று உங்களுக்கு எழுதினேனே. அது உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்துக்குள் இதை ஒளித்துவைத்திருந்தேன். உங்கள் மேல் கோபமாக இருக்கும்வரை என்னைப் பார்க்கத் தேவையில்லாமல் இருந்தது.

ஆரணியிடம் போய்ச் சொல்லுங்கள் என்று எழுதியவள் நான்தான். இப்போது சொல்கிறேன், வேண்டாம். நீங்கள் தக்‌ஷிகாவைப் பற்றிச் சொன்னால் நிருஷா சும்மா இருக்கமாட்டா. என் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் எண்ணுவா. எண்ணினால் அது என் நெற்றித் துடைப்பில் வந்து நிற்கும். அப்புறம் வெள்ளவத்தையிலும் இல்லை, கொட்டாஞ்சேனையிலும் இல்லை, ஆகிலை எவரும் சேர்க்கமாட்டார்கள். வேலை போனால் போகட்டும். இது இப்படியே கிடக்கட்டும்.

வெட்கமில்லாமல் கேட்கிறேன். எனக்காக இல்லை, பிள்ளைக்காக.

நப்லா


ஆஸ்பத்திரிக்கு முன்னால
24.07.2025

நப்லா அக்கா,

தேத்தண்ணிக் கடையில இருந்து எழுதுறன். பார்க்க விடுற நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. எழுத்து ஆடுது, மேசை சரியில்லை.

மித்ரனுக்கு ஒட்சிசன் எடுத்தாச்சு. நேற்று பால் குடிச்சவனாம். இதை முதல் எழுதச் சொன்னீங்கள்.

ஈரத் தாள் விசயம் எனக்குத் தெரியும்.

அண்டைக்கே தெரியும். நெத்தி சில்லெண்டு இருந்தது, ஆனா ஈரம். உந்தத் தாளின்ர வாசம் மூக்கில அடிச்சது. கழுத்துக்குக் கீழ முதுகுப் பக்கம் கை பட்டது, சுட்டது. உங்கட முகத்தைப் பாத்தன். தலைக்கு மேல தொங்கிற வேலையோட ஒரு ஆள் நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு விளங்கினது. "ஓடு ராசா" எண்டு விட்டன். பெரிய உபகாரம் செய்த மாதிரி இருந்தது எனக்கு. அண்டு முழுக்கச் சந்தோசமா இருந்தனான்.

பிறகு ஆகிலுக்கு வந்திட்டுது எண்டு கேட்டதும் பயம் பிடிச்சிட்டுது. ஆராவது, "வாசலில நிண்டவன் என்ன பாத்தவன்" எண்டு கேட்டா? அந்தப் பயம்தான் அக்கா அந்தத் திங்கக்கிழமை கத்தினது. இனி ஒருத்தரையும் சும்மா விடமாட்டன் எண்டு காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒளிச்சு விட்ட அதே பிள்ளையை, எல்லாரும் பாக்கத் திருப்பி அனுப்பினன். ஆரணி அக்கா கேட்ட கேள்வி எனக்கு நல்லா உதவிச்சுது. உங்களிட்ட நான் என்ர பிழை எண்டு எழுதின முதல் கடிதத்திலயும் இதை விட்டுட்டன் பாருங்கோ.

அதால, நீங்கள் ஒருத்தர்தான் கொண்டு வந்தது எண்டு எண்ணாதேங்கோ. நீங்கள் துடைச்சீங்கள், நான் திறந்துவிட்டன்.

நேற்றுப் பின்னேரம் சித்தியிட்ட எல்லாத்தையும் சொன்னன். என்ர ரெண்டு பிழையையும், வியாழக்கிழமை ஆகிலுக்குச் சூடு எண்டு தெரிஞ்சும் விட்டது, பிடரியில கொப்புளத்தைக் கண்டும் விட்டது. நீங்கள் பாணி குடுத்ததையோ துடைச்சதையோ சொல்லேல்ல. அது நீங்கள் எனக்கு எழுதினது. என்ர கையில பட்ட சூட்டைப் பற்றி மட்டும்தான் கதைச்சனான். சித்தி பீடிங் போத்தில் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிக் கழுவினா. பிறகு, "இதைச் சொன்னா எங்கட வாசலுக்கு ஒரு பிள்ளை வராது, தெரியுமே?" எண்டா. தெரியும் எண்டன். "அப்ப ஆருக்காகடா சொல்லப் போறாய்?" எண்டா. உங்களுக்காக எண்டா நீங்களே வேண்டாம் எண்டுட்டீங்கள். சித்திக்காக எண்டா அவ அழுகிறா. எனக்காக எண்டு சொன்னாலும் சரியில்லை, சொல்லிப்போட்டு நான் நிம்மதியா இருக்கப் போறன் எண்ட மாதிரிக் கிடக்கு.

ஆரணி அக்கா என்ர கையைப் பிடிச்சு நன்றி சொன்னதுதான் ஏலாமல் இருக்கு. அந்த நன்றி எனக்குரியது இல்லை. அவ இன்னொரு தரம் அதைச் சொல்ல முதல் நான் சொல்லவேணும். அவ்வளவுதான் என்னட்ட இருக்கிற காரணம்.

இண்டைக்குக் காலமை நான் சப்பாத்துப் போடேக்க சித்தி பிளாஸ்க் ஒண்டைக் கொண்டு வந்து தந்தா, சூப். "சொல்லத்தான் போறாய் எண்டா வெறுங்கையோட போகாத" எண்டா. குறூப்பில அந்தக் கைகூப்புற படத்தையும் அழிச்சுப்போட்டா. அதுக்குப் பதிலா எழுதினது ஒரு வரிதான், "ஆகில் அண்டைக்கு முழுக்கச் சுகமா வந்த பிள்ளை, திருப்பி அனுப்பினது எங்கட பிழை" எண்டு. அந்தத் திங்கக்கிழமையைப் பற்றி அது உண்மை. ரெண்டு பேர் குறூப்பை விட்டுப் போயிட்டினம்.

உங்கட வியாழக்கிழமையை நான் சொல்லமாட்டன். ஆரணி அக்கா எண்ணிப் பாத்துக் கேட்டா, "அவன்ர உடம்பு சுட்டது, நான்தான் விட்டனான்" எண்டு சொல்லுவன். நீங்கள் என்ன செய்யிறது எண்டு நான் சொல்லேலாது. மாதக் கடைசிக்குள்ள ஆகிலுக்கு இஞ்ச ஒரு வாசல் இருக்குமோ, சித்தி கதவையே பூட்டிப்போடுவாவோ, அதுவும் எனக்குத் தெரியாது. இருந்தா வாசலில நான் நிக்கமாட்டன், அது மட்டும் நிச்சயம்.

ஆகிலிட்டச் சொல்லுங்கோ, அவன்ர கையில ஒரு பிழையும் இல்லை எண்டு. இல்லை, நீங்கள் சொல்லி அவன் கேக்கமாட்டான், என்னைக் கண்டு நான்தான் அவன்ர கையை…

கேற்றைத் திறந்திட்டாங்கள். ஆரணி அக்கா கீழ வந்து நிக்கிறா, என்னைக் கண்டிட்டா, கை காட்டுறா. நான் இப்ப போகவேணும்.

துவா